காட்டுக் கோரையும் ‘எல்.சி.’ என்ற இரண்டெழுத்தும்

பெங்களூரில் ஒரு காட்டுத்துண்டிலோ ஏரிக்கரையிலோ புதிய திட்டம் வரப்போகிறது என்றால், தடித்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றும் கூடவே வந்துவிடும். அதன் பின்னிணைப்பில் தாவரங்களின் அட்டவணை இருக்கும். வரிசை எண், அறிவியல் பெயர், வட்டாரப் பெயர், கடைசியில், அந்த இனம் அழியும் அபாயத்தில் இருக்கிறதா என்பதைக் குறிக்கும் ‘நிலை’ என்றொரு கட்டம். அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை எல்.சி., எல்.சி., எல்.சி.; நடுநடுவே என்.இ. அட்டவணைக்கு அடியில் ஒரு வரி: திட்டப் பகுதியில் அரிய தாவரம் எதுவும் காணப்படவில்லை. ஆதரிப்பவர்கள் இந்த வரியை எடுத்துக்காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் அட்டவணையே பொய் என்கிறார்கள். நடுவில் அகப்பட்ட வாசகருக்கு எல்.சி. என்றால் நல்லதா கெட்டதா என்பதே விளங்குவதில்லை.

அட்டவணை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வேறொரு கேள்விக்கு எழுதிய விடையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள், சிக்கல் அதில்தான்.

இதை விளங்கிக்கொள்ள யானையோ சந்தன மரமோ உதவாது. அவற்றைப் பற்றி எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கருத்து உண்டு. கோரை உதவும். கோரை என்றதும் நமக்குப் பத்தமடைப் பாய் நினைவுக்கு வரும். கரூர், முசிறிப் பக்கத்துக் காவிரிக்கரை வயல்கள் நினைவுக்கு வரும். பிடுங்கப் பிடுங்க முளைக்கும் தோட்டத்துக் களை நினைவுக்கு வரும். காடு மட்டும் நினைவுக்கு வராது. மரநிழலை நம்பி வாழும் கோரைகள் இருக்கின்றன என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

## கோரை எது, புல் எது

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் ஹலசூர் கடைவீதியில் அருகம்புல் கட்டு ஒன்றை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அருகுக்கு நடுவே, சற்று விறைப்பாகவும் பளபளப்பாகவும் நாலைந்து தாள்கள் செருகிக்கொண்டிருக்கக்கூடும். அவை கோரை. விற்கும் அம்மாளைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வரப்பில் பின்னிக்கொண்டு வளர்பவை. பிரித்தறிய விரல் போதும். அருகின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினால் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை உருளாது; விளிம்பு விளிம்பாகப் புரளும். பிளேடால் குறுக்கே நறுக்கினால் வெட்டுவாயில் சின்னஞ்சிறு முக்கோணம் ஒன்று தெரியும்.

1. புல்லின் தண்டு உருண்டை. பெரும்பாலும் உள்ளே வெற்றிடம். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டை, உள்ளே கெட்டி.

2. புல்லில் கணு உண்டு. மூங்கிலும் கரும்பும் புல் குடும்பம்தான் என்பதை நினைத்தால் போதும். கோரையில் பூங்கொத்து வரைக்கும் தண்டு பெரும்பாலும் கணுவில்லாமல் போகும். பாய் நெய்பவர்கள் அதை நீளவாக்கில் கிழிக்க முடிவது இதனால்தான்.

3. புல்லில் இலைகள் இரண்டு வரிசை, கோரையில் மூன்று. இலையின் அடியுறை புல்லில் பிளந்திருக்கும்; கோரையில் குழாய் போல மூடியிருக்கும்.

உலகெங்கும் இந்தக் குடும்பத்தில் சுமார் 5,500 இனங்கள் உள்ளன. அவற்றில் காரெக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000. தமிழில் ‘கோரை’ என்ற சொல் இந்தக் குடும்ப எல்லையை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியோரம் பழுப்புக் கதிரோடு ஆளுயரத்துக்கு நிற்கும் சம்பை நாம் ஆனைக்கோரை என்கிறோம். கன்னடக்காரர்கள் ஜொண்டு என்கிறார்கள். அது கோரையும் அல்ல, புல்லும் அல்ல; தனிக் குடும்பம். அறிக்கைகளின் ‘வட்டாரப் பெயர்’ கட்டத்தை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே முதல் தடவை வழுக்குகிறார்கள்.

## வெயிலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று

நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்கும் கோரைக்கிழங்கு வெயிலின் பிள்ளை. வெப்பத்திலும் கடும் வெளிச்சத்திலும் மற்றச் செடிகளைவிடத் திறமையாக உணவு தயாரிக்கும் சி-4 வகை ஒளிச்சேர்க்கை அதற்கு வாய்த்திருக்கிறது. மண்ணுக்கடியில் சங்கிலி சங்கிலியாகக் கிழங்கு. மேலே பிடுங்கினால் கீழிருந்து இரண்டு முளைக்கும். உலகின் மிக மோசமான களை என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது நியாயம்தான். கோரை என்றாலே அழிக்க முடியாதது என்ற எண்ணம் நம்மிடம் பதிந்ததற்கு இந்த ஒரே இனம் காரணம்.

நிழல் கோரைகளின் குணம் நேர் எதிர். காரெக்ஸ் பேரினத்தில் எல்லாமே பழைய சி-3 வகை. அவை மெதுவாக வளரும், மெதுவாகப் பரவும். சில இனங்களின் விதைகளை எறும்புகள்தான் சில அடி தூரம் இழுத்துச் சென்று போடுகின்றன. இருந்த இடம் போனால் அடுத்த காட்டுக்குத் தாவிப்போகும் வேகம் அவற்றுக்கு இல்லை.

நிழலிலும் பல தினுசு உண்டு. மூன்று கோரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது புரியும்.

1. கில்லிங்கா நெமோராலிஸ். மழைக்குப் பிறகு லால்பாகிலோ கப்பன் பூங்காவிலோ தூங்குமூஞ்சி மரத்தடியில் குனிந்து பாருங்கள். ஒரு சாண் உயரத் தண்டின் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை உருண்டை. அதன் கீழே மூன்று இலைகள் விசிறிபோல விரிந்திருக்கும். மனிதர் மிதிக்கும் இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். கடல் கடந்து ஹவாய்த் தீவுகளுக்குப் போய் அங்கே களை என்று பெயர் வாங்கியிருக்கிறது.

2. ஸ்க்லீரியா லித்தோஸ்பெர்மா. வறண்ட இலையுதிர் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் சருகுக்கு நடுவே மெல்லிய தாள்களாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த புல் என்று கடந்துபோவோம். அருகே உட்கார்ந்தால்தான் விதை கண்ணில் படும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், யாரோ பீங்கானில் உருட்டி மெருகேற்றிய மணிபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். நகத்தால் அழுத்தினால் நசுங்காது. பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘கல்விதை’.

3. ஹைப்போலிட்ரம் நெமோரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், ஓடையோர ஈரத்தில் அகன்ற இலைகளோடு வளர்வது. பெங்களூரின் வறட்சியில் இதற்கு இடமே இல்லை.

முதலாவதன் பெயரிலும் மூன்றாவதன் பெயரிலும் உள்ள லத்தீன் சொல்லுக்குச் ‘சோலை’ என்று பொருள். பெயரில் சோலை என்று இருப்பதால் இரண்டுக்கும் ஒரே வாழிடம் என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். ஒன்று நகரப் பூங்காவிலும் குடித்தனம் நடத்தும். மற்றது மரக்கூரையில் ஓட்டை விழுந்து ஈரம் வற்றினாலே தாங்காது.

நடுவில் உள்ள கல்விதைக் கோரைதான் நம் கதைக்கு முக்கியம். அதற்கு முழு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. இலையுதிர் காட்டில் வெயில் சல்லடையில் சலித்ததுபோல விழும். கோடையில் இலை கொட்டித் தரைக்கு வெளிச்சம் வரும். மழையில் தளிர்த்து நிழல் மூடும். இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போய், கிளறப்படாத மண்ணில், சருகு மக்கிய மேல்தோலில் வேர்விட்டு வாழ்பவை இந்த வகைக் கோரைகள்.

## எல்.சி. எப்படிப் பிறக்கிறது

நிலைக் குறிகளை வழங்குவது இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம். 1964 முதல் அது சிவப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. ஓர் இனம் அடியோடு அற்றுவிட்டதிலிருந்து கவலை குறைந்தது வரைக்கும் படிகள் உண்டு. ‘கவலை குறைந்தது’ என்பதுதான் எல்.சி. தரவு போதாது என்றால் டி.டி. யாரும் இன்னும் மதிப்பிடவே இல்லை என்றால் என்.இ. என்.இ. என்பதைப் ‘பிரச்சினை இல்லை’ என்று வாசிக்கும் அறிக்கைகளைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. தேர்வே எழுதாத மாணவனைத் தேறியவர் பட்டியலில் சேர்ப்பது போன்றது அது.

நடுவில் உள்ள மூன்று படிகளும் அபாயப் படிகள்: அழிவாய்ப்பு உள்ளது, அருகியது, மிக அருகியது. இவற்றில் ஏதாவது ஒன்றில் சேர ஐந்து அளவுகோல்களில் ஒன்றிலாவது சிக்க வேண்டும்.

1. வீழ்ச்சி. 10 ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைகளிலோ, எது நீளமோ அந்தக் காலத்தில், எண்ணிக்கை குறைந்தது 30 விழுக்காடு சரிந்தால் முதல் படி. 50 என்றால் இரண்டாவது. 80 என்றால் மூன்றாவது. சரிவு ஏற்கெனவே நின்று, காரணமும் தெரிந்து, மீளக்கூடியதாகவும் இருந்தால் இந்த வரம்புகள் இன்னும் உயரும்.

2. பரப்பு. இனம் பரவியுள்ள எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே, 5,000க்குக் கீழே, 100க்குக் கீழே. அல்லது அந்த எல்லைக்குள் உண்மையில் வாழும் பரப்பு 2,000, 500, 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழே. பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது; துண்டாகிப்போயிருப்பது, தொடர்ந்து சரிவது, தாறுமாறாக ஏறி இறங்குவது ஆகிய மூன்றில் இரண்டும் சேர வேண்டும்.

3. முதிர்ந்த செடிகள் 10,000க்கும், 2,500க்கும், 250க்கும் குறைவாக இருந்து, அதிலும் தொடர் சரிவு இருப்பது.

4. எண்ணிக்கையே மிகச் சிறியது: 1,000, 250, 50.

5. கணித மாதிரி. 100 ஆண்டுகளுக்குள் அற்றுப்போகும் வாய்ப்பு 10 விழுக்காடு என்று கணக்கு காட்டினாலே முதல் படி.

எந்த அளவுகோலிலும் சிக்காமலும், அவற்றை நெருங்காமலும் இருந்தால் எல்.சி. ஐந்தும் உலகம் முழுவதையும் ஒன்றாக வைத்துப் போடும் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் மாநகராட்சியின் பழைய எல்லை ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர். உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்த எல்லைக்குள் மட்டுமே ஒரு கோரை இருந்து, துண்டாகி, சரிந்துகொண்டும் இருந்தால், பரவல் எல்லையை வைத்தே அது ‘அருகியது’ ஆகிவிடும். கல்விதைக் கோரையோ ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெப்பமண்டலம் நெடுகப் பரவியிருக்கிறது. நாளை பெங்களூர் மாவட்டத்துப் புதர்க்காடு முழுவதையும் சமன்படுத்தினாலும் அதன் உலகக் கணக்கில் ஒரு தசமப் புள்ளிகூட நகராது. ‘இந்த இனம் பூமியிலிருந்தே அற்றுப்போகுமா?’ என்று கேட்டால் எல்.சி. நேர்மையான விடை. ‘இந்தக் காட்டை எடுத்தால் என்ன இழப்போம்?’ என்பது அதனிடம் கேட்கப்படவே இல்லை.

## சல்லடையில் கோரை ஏன் சிக்குவதில்லை

உலகக் கணக்கிலும்கூடக் கோரைக்கு நியாயம் கிடைப்பது கடினம். இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. செடியின் இயல்பும் அப்படி.

முதலில், அடையாளம். காரெக்ஸ் இனங்களைப் பிரிக்க இலை உதவாது. பெண்பூவை மூடியிருக்கும் சிறு பைதான் துப்பு. அதன் வடிவம், அலகு, நரம்பு, ரோமம் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும். பை முதிர்ந்திருப்பது ஆண்டில் சில வாரங்கள் மட்டும். மற்ற நாட்களில் வந்த ஆய்வாளர் ‘காரெக்ஸ், இனம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். அழுத்தி உலர்த்திய மாதிரியோடு ஒப்பிட வேண்டும் என்றால் உலர்தாவரச் சேகரிப்புக்குப் போக வேண்டும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. உலக அட்டவணையில் அதன் குறியெழுத்து ஜேசிபி. ஏரியைத் தூர்வாரக் கொண்டுவரும் மஞ்சள் எந்திரத்துக்கும் அதே பெயர் என்பதில் யாருடைய சதியும் இல்லை.

அடுத்து, எண்ணிக்கை. மண்ணுக்கடியில் மட்டத்தண்டால் பரவும் கோரையில் எது ஒரு செடி? மேலே தெரியும் முப்பது தூர்களும் கீழே ஒரே உயிராக இருக்கலாம். 250 முதிர்ந்த செடி என்ற வரம்பை இங்கே எப்படி அளப்பது? அதோடு, தலைமுறை என்பதற்கும் எல்லை மங்கலாகிறது. மண்ணில் பல்லாண்டு உறங்கும் விதையை எந்தத் தலைமுறையில் சேர்ப்பது?

பரப்புக் கணக்கிலும் ஒரு கண்கட்டு உண்டு. வாழும் பரப்பை அளக்க வரைபடத்தை இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு சதுரத்தில் ஒரே ஒரு தூர் இருந்தாலும் நான்கு சதுர கிலோமீட்டர் என்று கணக்கு. பாறையிடுக்கில் ஒரு பாய் அளவுக்கு மட்டுமே வளரும் கோரைக்கும் இதே தாராளம்தான்.

கடைசியாக, வாழிடப் பாரபட்சம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிரினங்களைப் பற்றிய பெரிய மதிப்பீடு 2011இல் வெளிவந்தது. மீன், தும்பி, மெல்லுடலிகளோடு நீர்த்தாவரங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வழியில் ஈரநிலக் கோரைகள் பலவற்றுக்கு ஒரு நிலை கிடைத்தது. நீரில் கால் நனைக்காத காட்டுக் கோரைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

## இங்கிலாந்தில் ஒரு ‘ஏழைக் கோரை’

இதே சிக்கலை வேறொரு நாடு எப்படிக் கையாண்டது என்று பார்க்கலாம். காரெக்ஸ் டிபாப்பரேட்டா என்ற காட்டுக் கோரை மேற்கு, தெற்கு ஐரோப்பாவில் தொடங்கி காக்கசஸ் மலைவரை பரவியுள்ளது. அதன் பெயருக்கு ‘வறுமைப்பட்டது’ என்று பொருள். கதிரில் நாலைந்து பைகள் மட்டுமே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் கோரைக்குப் பெரிது. பரந்த பரவல் என்பதால் உலகக் கணக்கில் இதற்கு அவசரம் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் சர்ரேயிலும் சோமர்செட்டிலும் மட்டுமே எஞ்சியது. அங்கும் ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது.

காட்டை யாரும் அழிக்கவில்லை. காட்டைத் தொடுவதை நிறுத்தியதுதான் காரணம். அந்த ஊர்க் காடுகளில் பல நூற்றாண்டுகளாக ஒரு பழக்கம் இருந்தது. மரத்தை அடியோடு தறித்து, கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்க விடுவார்கள். நாம் கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போல. விறகுக்கும் வேலிக்கும் வெட்டிய பகுதியில் சில ஆண்டுகள் வெளிச்சம் விழும், கோரை செழிக்கும். பிறகு மூடும், இன்னொரு பகுதி திறக்கும். விறகின் தேவை குறைந்ததும் வெட்டு நின்றது. காடு அடர்ந்தது, தரை இருண்டது, கோரை ஒடுங்கியது. புதரை வெட்டி மறுபடி வெளிச்சம் விட்ட இடங்களில் மண்ணுக்குள் உறங்கிய விதைகளிலிருந்து புது நாற்றுகள் தலைகாட்டின.

அந்நாட்டின் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் பாதுகாக்கும் தாவரங்களில் இந்தக் கோரைக்கும் பெயர் உண்டு. உலகக் கணக்கை அவர்கள் தள்ளிவைக்கவில்லை. அதன் பக்கத்தில் நாட்டுக் கணக்கு ஒன்றையும் எழுதினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நேச்சர்செர்வ் அமைப்பு இதையே முறையாக்கியிருக்கிறது: உலகத்துக்கு ஜி-1 முதல் ஜி-5 வரை, மாநிலத்துக்கு எஸ்-1 முதல் எஸ்-5 வரை. எண் சிறிதானால் அபாயம் பெரிது. ஒரே கோரை ஜி-5 ஆகவும், அதாவது உலகில் பத்திரமாகவும், ஒரு மாநிலத்தில் எஸ்-1 ஆகவும் இருப்பது அங்கே சாதாரணம். சிவப்புப் பட்டியல் அளவுகோல்களை நாட்டளவிலும் வட்டார அளவிலும் பொருத்துவதற்கான வழிகாட்டுதலும் இருக்கிறது. நம் அறிக்கைகளின் அட்டவணைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

## மரம் நட்டால் போதுமா

பெங்களூரைச் சுற்றியுள்ள இயற்கையான காடு அடர்காடு அல்ல. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த மழை, பாறை மேட்டு நிலம். இங்கே இயல்பாக வளர்வது புதர்க்காடும், சாவனதுர்கா, பன்னேர்கட்டா பக்கங்களில் வறண்ட இலையுதிர் காடும்தான். மரத்துக்கு மரம் இடைவெளி; இடையில் பாறை, புல், கோரை. கண்ணுக்கு இது ‘காலி இடம்’ போலத் தெரிகிறது. கனகபுரா சாலைப் பக்கத்துத் துரஹள்ளிக் காட்டில் 2021இல் மரப்பூங்கா அமைக்கும் திட்டம் வந்தபோது சுற்றியிருந்த மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் பின்வாங்கியது. காட்டுக்குள் மரப்பூங்கா எதற்கு என்று அன்று பலரும் வியந்தார்கள். தரையில் இருப்பதைக் காடு என்று எண்ணாதவருக்கு அந்தத் திட்டம் இயல்பானதுதான்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டினது; வெட்ட அனுமதி, வெட்டியதற்கு ஈடாக நடவு என்று அது மரத்தை எண்ணுகிறது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபோது தாவரங்களுக்குத் தனிப் பட்டியலே இல்லை. 1991 திருத்தத்தில்தான் ஆறு வகைகள் நுழைந்தன: ஆர்க்கிடுகள், குடுவைச் செடி, ஒரு சைக்கஸ், இமயத்துக் குத் மூலிகை. ஒரு கோரை இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்க இவற்றில் இடமே இல்லை.

ஆக, ஈடுசெய்யும் நடவு என்ற நல்லெண்ணம் தரைக்கோரைக்கு இப்படி வந்து முடிகிறது:

1. ஒவ்வொரு கன்றுக்கும் குழி தோண்டுகிறார்கள். மழைநீர் நிற்க வரிசை வரிசையாக அகழி வெட்டுகிறார்கள். கிளறப்படாத மேல்மண் போகிறது. விதை வங்கி அதில்தான் இருந்தது.

2. நடப்படுவது பெரும்பாலும் வேகமாக வளரும் மரம். தைலமரமும் ஆஸ்திரேலிய அக்கேசியாவும் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்பவை. கோடையில் தரைக்கு வர வேண்டிய வெளிச்சம் வருவதில்லை. மக்காத சருகு மெத்தைபோல் மூடுகிறது.

3. கிளறிய மண்ணில் உண்ணிச்செடி ஏறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி இது. அதை அகற்ற எந்திரத்தை விட்டால் மண் மறுபடி கிளறப்படுகிறது; அடுத்த மழையில் இன்னும் அடர்த்தியாக வருகிறது. வேர்த்தலைக்குச் சற்றுக் கீழே கையால் வெட்டித் தலைகீழாகப் போட்டுக் காயவிடுவது மெதுவான வேலை, ஆனால் மண் தப்பிக்கிறது.

மூன்றாண்டு கழித்து அந்த இடத்தின் பசுமைப் பரப்பு வானத்துப் படத்தில் கூடியிருக்கும். உழுத நிலத்துக் களைக் கோரையும் கில்லிங்காவும் வந்து சேர்ந்திருக்கும். கணக்கெடுப்பவர் ‘கோரை: உள்ளது, எல்.சி.’ என்று எழுதுவார். எழுதியதில் பிழை இல்லை. அங்கே முன்பு இருந்த கோரை வேறு.

## அட்டவணை கையில் வந்தால்

நிலைக் கட்டத்துக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. எல்லா வரிகளும் மரமும் புதருமாக இருந்து, புல்லும் கோரையும் இரண்டு மூன்று பெயர்களோடு முடிந்திருந்தால், தரையை யாரும் குனிந்து பார்க்கவில்லை. இனப்பெயர் இல்லாமல் பேரினத்தோடு நின்ற வரிக்கு நேரே எல்.சி. என்று இருந்தால் அது யாரோ இட்டு நிரப்பியது. நிலை இனத்துக்குத்தான் தருவார்கள், பேரினத்துக்கு அல்ல. வாழிடம் பற்றிய பத்தியில் ‘தரிசு’ என்று இருக்கிறதா, ‘புதர்க்காடு’ என்று இருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. வருவாய்த் துறைக்குத் தரிசாக இருப்பது கோரைக்குக் குடியிருப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பக்கத்துக்குத் திரும்பி ஆய்வு நடந்த மாதங்களைப் பாருங்கள். விரைவான சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்பதே நம் நாட்டு நடைமுறை. காற்றில் உள்ள தூசியை அளக்க அது சரியான காலம். அங்கே ‘டிசம்பர் முதல் பிப்ரவரி வரை’ என்றோ ‘மார்ச் முதல் மே வரை’ என்றோ அச்சாகியிருக்கும். பெங்களூரில் கனத்த மழை பெய்வது செப்டம்பர், அக்டோபரில். கோரைகள் பூத்துக் காய்ப்பதும் அதையொட்டித்தான். ஆய்வாளர் மார்ச் வெயிலில் தொப்பி அணிந்து நடந்து ‘காணப்படவில்லை’ என்று எழுதிய அந்தத் தரையில், ஓராண்டுக் கோரைகள் மண்ணுக்குள் விதையாகக் கிடந்திருக்கும். பல்லாண்டுக் கோரைகள் சருகுக்கடியில் வெறும் மட்டத்தண்டாகக் கிடந்திருக்கும்.